கறுப்பு காரில் வெள்ளை வளையங்கள்: வினிகர் போட்டும் பாதிதான் போனது ஏன்?

நீங்கள் கேட்டது, எந்த லிக்விட் வாங்கினால் இந்தப் புள்ளிகள் போகும் என்று. எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். உள்ளே இருக்கிற கேள்வி வேறு என்று தோன்றியது. பெயிண்டு கெட்டுவிட்டதா, அல்லது மேலே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா? 28,000 ரூபாய் கொடுத்து பெயிண்டின் மேல் செராமிக் பூச்சு போட்டால் இந்தத் தொல்லை நிற்குமா? இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் லிக்விட் எது என்பது சின்ன விஷயம்.

நீங்கள் சொன்னதில் எனக்குப் பயன்பட்ட விவரங்கள் இவை. கறுப்பு கார், வாங்கி 8 மாதம். துரைப்பாக்கத்தில் அபார்ட்மெண்ட், பேஸ்மென்டில் பார்க்கிங். காலை ஏழு மணி வாக்கில் வாட்ச்மேன் ஒரு பக்கெட் தண்ணீரில் கழுவித் துடைக்கிறார். எட்டரைக்கு நீங்கள் வண்டியை எடுத்துப்போய் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிறுத்துகிறீர்கள். பானட்டிலும் டாப்பிலும் வெள்ளை வளையங்கள். வினிகர் போட்டதில் பாதி போனது, பாதி அப்படியே இருக்கிறது. கட்டடத்தில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் இருப்பதால் தண்ணீர் காரணமாக இருக்க முடியாது என்று நினைக்கிறீர்கள். ஒருவர் பானட்டை ரீபெயிண்ட் பண்ணச் சொல்லியிருக்கிறார்.

நான் 17 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதல் ஆறு வருடம் பெயிண்டு பூத்தில், அதற்கப்புறம் முழுக்கப் பாலிஷ் வேலை. உங்கள் போட்டோவை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கையால் தடவிப் பார்க்காமல் இந்த வேலையில் எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் நீங்களே தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது, சொல்கிறேன். ரீபெயிண்ட் மட்டும் வேண்டாம். கம்பெனியில் சூளையில் வெந்து வந்த பெயிண்டுக்கு ஈடாக வெளியில் யாரும் அடித்துத் தர முடியாது. நான் பூத்தில் நின்றவன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வளையம் எப்படி வருகிறது என்று பாருங்கள். கறுப்பு பானட்டில் ஒரு சொட்டு போர் தண்ணீரை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தால் தெரியும். சொட்டின் நடுப்பகுதி மேடாக இருக்கும், ஓரம் மெல்லியதாக இருக்கும். ஓரம்தான் முதலில் காய்கிறது. காய்ந்த இடத்தை நிரப்ப நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு நகர்கிறது, கரைந்திருக்கும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. கடைசியில் நடுவில் ஒன்றுமில்லாமல், சுற்றிலும் வெள்ளைக் கோடு போட்டதுபோல ஒரு வட்டம் நிற்கும். டீ கிளாஸின் அடியில் படியும் வட்டம் மாதிரிதான். அந்த வெள்ளைக் கோட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. தண்ணீருக்குள் பைகார்பனேட்டாகக் கரைந்து கிடந்தது, காயும்போது கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கல்லாகிவிட்டது. வெந்நீர் போடும் அண்டாவின் உள்பக்கமும் கீசர் காயிலும் வெள்ளையாக ஏறுகிறதே, அதே பொருள்.

இத்தோடு முடிந்தால் கவலையே இல்லை. போர் தண்ணீரில் சுண்ணாம்பு மட்டும் இருப்பதில்லை. சல்பேட்டு இருக்கிறது, அது காய்ந்தால் ஜிப்சம். சிலிக்கா இருக்கிறது, அது காய்ந்தால் கிட்டத்தட்டக் கண்ணாடி மாதிரி ஒட்டிக்கொள்ளும். சாதாரண உப்பும் இருக்கிறது. வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும். ஜிப்சத்தையும் சிலிக்காவையும் அது ஒன்றும் செய்யாது. உங்களுக்குப் பாதி போய்ப் பாதி நின்றதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம், நின்றுபோன பாதி பெயிண்டுக்கு மேலே இல்லாமல் உள்ளேயே இறங்கியிருக்கலாம். இந்த இரண்டில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

சாஃப்ட்னர் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். நிறையப் பேர் ஏமாறுவது இதில்தான். சாஃப்ட்னர் தண்ணீரிலிருந்து உப்பை எடுத்துவிடுவதில்லை. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆகவே சாஃப்ட்னர் தண்ணீரும் காய்ந்தால் வெள்ளை விடும். ஆனால் அது சோடியம் உப்பு, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். உங்கள் கறை ஈரத்துணிக்கு அசையவில்லை, பாதி வினிகரில் கரைந்தது. அப்படியென்றால் அதில் சுண்ணாம்பு இருந்திருக்கிறது, அதாவது வாட்ச்மேன் பிடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் சாஃப்ட்னர் வழியாக வரவில்லை. இது சகஜம். பேஸ்மென்டுக் குழாயையும் தோட்டக் குழாயையும் பல கட்டடங்களில் சம்ப்பிலிருந்து நேராக எடுத்திருப்பார்கள், சாஃப்ட்னர் தண்ணீர் மாடிக்கு மட்டும் போகும். சந்தேகம் இருந்தால் இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் பேஸ்மென்டுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை பொங்கி நிற்கும். இன்னொன்றில் நுரை எழும்பாமல் தண்ணீர் பால்போலக் கலங்கி, மேலே திரை கட்டும். திரை கட்டுவதுதான் உங்கள் பானட்டில் காய்ந்த தண்ணீர்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்துவைத்து, அதில் கார் கழுவும் பழக்கம் இப்போது பல அபார்ட்மெண்டுகளில் இருக்கிறது. எண்ணம் நல்லது, ஆனால் காருக்கு அதைவிட மோசமான தண்ணீர் கிடையாது. கணக்கைப் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீர் 1000 டி.டி.எஸ். என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டரில் 30 லிட்டர் குடிதண்ணீராக, 80 டி.டி.எஸ்ஸில் வெளியே வருகிறது. மீதி 70 லிட்டர் அத்தனை உப்பையும் சுமக்க வேண்டும். அதன் டி.டி.எஸ். கிட்டத்தட்ட 1400 ஆகிவிடும். அந்தத் தண்ணீர் ஒரு லிட்டர் முழுசாகக் காய்ந்தால் 1.4 கிராம் உப்பு மிஞ்சும். கழுவித் துடைத்த பிறகும் காரின் மேல் ஒரு டம்ளர் தண்ணீராவது ஒட்டியிருக்கும். தினமும் ஒரு சிட்டிகை உப்பைத் தூவி வெயிலில் காய வைக்கிற கதைதான். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வராண்டா துடைக்கவும் டாய்லெட்டில் ஊற்றவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியத் தர நிர்ணயத்தில் குடிதண்ணீருக்கான ஐ.எஸ். 10500 விதியில், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. 600 உள்ள தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் அது காருக்கும் ஆகும் என்று நினைத்துவிடாதீர்கள். கறுப்புப் பெயிண்டில் 200 உள்ள தண்ணீரே காய்ந்தால் தடம் விடும். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் கழுவிப் பழகியவர்கள் சென்னைக்கு மாற்றலாகி வந்து, நான்கே மாதத்தில் கார் இப்படி ஆகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் கழுவும் விதம் மாறவில்லை, தண்ணீர்தான் மாறியது.

இப்போது சோதனை. சாயங்காலம், வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆன பிறகு, பானட்டைத் தொட்டால் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது செய்யுங்கள். முதலில் கார் ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். தூசி இருக்கும்போது எதைத் தேய்த்தாலும் கீறல் விழும். பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரலில் மாட்டிக்கொண்டு வளையத்தின் மேல் லேசாக நகர்த்துங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். மேடு தட்டுப்பட்டால் கறை மேலே உட்கார்ந்திருக்கிறது, நல்ல செய்தி. வழவழவென்று இருந்தும் கண்ணுக்கு வளையம் தெரிந்தால், செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில், பானட்டோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பாருங்கள். வளையத்தின் விளிம்பில் வெளிச்சம் வளைந்து, சின்னக் குழிபோலத் தெரிந்தால் கிளியர் கோட், அதாவது நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சு, அரிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழியில் கரைப்பதற்கு ஒன்றும் இல்லை. எத்தனை லிட்டர் வினிகர் ஊற்றினாலும் குழி நிரம்பாது.

அரிப்பு ஏன் வருகிறது என்பதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, சூடும் நேரமும். கறுப்பு பானட் கத்திரி வெயிலில் 70 டிகிரியைத் தாண்டும், தோசைக்கல் மாதிரி கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரிகிறது, ராத்திரி சுருங்குகிறது. மேலே கல்லாய் உட்கார்ந்த உப்பு அதோடு சேர்ந்து விரிவதில்லை. காயும் கடைசி நிமிடங்களில் சொட்டுக்குள் இருக்கும் காரமும் உப்பும் பல மடங்கு அடர்த்தியாகி, இளகிய கிளியர் கோட்டைத் தாக்குகின்றன. எத்தனை நாளில் அரிக்கும் என்று எல்லாக் காருக்கும் பொதுவாக ஒரு கணக்கைச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மே மாதத்தில் ஒரே வாரத்தில் அரித்ததையும் பார்த்திருக்கிறேன், நிழலில் நின்ற காரில் ஒரு வருடக் கறை சுத்தமாக வினிகரில் போனதையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றைக் கேட்கிறேன். பேஸ்மென்டில் உங்கள் வண்டிக்கு நேர்மேலே கூரையில் கசிவு இருக்கிறதா? கான்கிரீட்டில் விரிசல் கண்டு, மழைத் தண்ணீரோ தொட்டித் தண்ணீரோ அதன் வழியாகச் சொட்டினால், சிமெண்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது சாதாரண உப்புத் தண்ணீர் இல்லை, கடும் காரம். அதன் பி.எச். 12-ஐத் தொடும். கூரையில் வெள்ளையாக, விழுதுபோலச் சின்னச் சின்னக் குச்சிகள் தொங்கினால் அதுதான் அடையாளம். கீழே தரையிலும் வெள்ளைத் திட்டு இருக்கும். இந்தச் சொட்டு விழுந்த கறை வட்டமாக மட்டும் இருக்காது, வழிந்த கோடாகவும் இருக்கும். நான் பார்த்த கறைகளிலேயே பெயிண்டை வேகமாகத் தின்பது இதுதான். அப்படி இருந்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் இடத்தை மாற்றி நிறுத்துங்கள். அசோசியேஷனில் எழுதிக் கொடுத்துக் கசிவை அடைக்கச் சொல்லுங்கள்.

கறையை எடுக்கும் முறைக்கு வருகிறேன். நீங்கள் வினிகர் போட்டது தப்பில்லை. எப்படிப் போட்டீர்கள் என்பதுதான் கேள்வி. கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம் இருக்கும். அதோடு சம அளவு பேட்டரி தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், விலை குறைவு. போர் தண்ணீரில் கலந்தால் அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பே வினிகரில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கூடவே புது உப்பும் சேரும். மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, கறையின் மேல் போர்த்தி, ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு நிமிடம் விடுங்கள். தேய்க்காதீர்கள், ஊறுவதுதான் வேலை செய்கிறது. எடுத்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஷாம்பூவால் ஒரு முறை கழுவி, உடனே துடைத்துவிடுங்கள். கறை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் இரண்டு முறை செய்யலாம். மூன்றாவது முறையில் மாற்றமே இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மிச்சமிருப்பது சுண்ணாம்பு இல்லை. வினிகர் போட்ட இடத்தில் பழைய வேக்ஸ் பலவீனப்பட்டிருக்கும். அதனால் அன்றைக்கே புதிதாக வேக்ஸ் போட வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

துணி காயக் கூடாது, பானட் சூடாக இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் நான் ஒரு காரைக் கெடுத்துத்தான் கற்றேன். பாலிஷ் வேலைக்கு வந்த முதல் வருடம், மே மாதம், மதியம் ஒரு மணி. கருநீல நிற செடான். வினிகர் நனைத்த துணியை பானட்டில் விரித்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று சாப்பிடப் போனேன். திரும்பி வரும்போது துணி அப்பளம்போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. உரித்தால், உப்புக் கறை இருந்த இடத்தில் துணியின் நான்கு ஓரமும், ஒரு மடிப்பும், நெசவின் கட்டமும்கூட மங்கலாகப் பதிந்திருந்தன. இரண்டு நாள் பாலிஷ் போட்டும் சாய்ந்த வெளிச்சத்தில் அந்த மடிப்பின் கோடு தெரிந்தது. வண்டிக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அந்தக் கோட்டை விரலால் ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்து அமிலம் எதையும் போட்டுவிட்டு நான் வண்டியை விட்டு நகர்ந்ததில்லை.

வினிகருக்கு அடங்காமல், ஆனால் பிளாஸ்டிக் கவரில் இன்னும் மேடாகத் தட்டுப்படுகிறதென்றால் ஜிப்சம் என்று சந்தேகப்படலாம். ஜிப்சம் அமிலத்துக்கு மசியாது, ஆனால் தண்ணீரில் கொஞ்சம் கரையும், லிட்டருக்கு 2 கிராம் அளவுக்கு. ஆகவே பேட்டரி தண்ணீரில் நனைத்த துணியை நிழலில் போர்த்தி, காயாமல் அவ்வப்போது நனைத்து, கால் மணி நேரம் ஊறவிட்டுப் பாருங்கள். செலவில்லாத வழி, பெயிண்டுக்கு ஆபத்தும் இல்லை. கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் பொறுமைக்கு யாரும் பில் போட முடியாது. அதற்கும் மிஞ்சினால் கிளே பார். களிமண் உருண்டை மாதிரி இருக்கும், சோப்புத் தண்ணீரோ அதற்கான லூப்ரிகன்டோ தாராளமாக விட்டு, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். கீழே தரையில் விழுந்த கிளேயைத் திரும்ப எடுத்துத் தேய்க்காதீர்கள், ஒட்டிய மணல் அத்தனையும் கோடு போடும்.

குழி விழுந்த வளையத்துக்குப் பாலிஷ் ஒன்றுதான் வழி. அது கறையை எடுப்பதில்லை, குழியைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சீவி, குழியின் மட்டத்துக்கு இறக்குகிறது. கிளியர் கோட் மொத்தமே 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் சரக்கு அதற்குள்தான் இருக்கிறது. மென்மையான ஃபினிஷிங் பாலிஷ், ஃபோம் பேடு, டூயல் ஆக்‌ஷன் மெஷின் வைத்துச் செய்தால் ஓரிரு மைக்ரானோடு முடித்துவிடலாம். ஆனால் பட்டறைகளில் 'ரப்பிங் போட்டுத் தர்றேன் சார்' என்று கரடான கம்பவுண்டையும் ரோட்டரி மெஷினையும் எடுப்பார்கள். அது பல மடங்கு சீவும். பானட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயிண்டு தாறுமாறாகச் சூடாகி அடிநிறம் தெரிந்துவிடும், வெயிலில் பார்த்தால் சுழல் சுழலாகக் கோடுகள் மின்னும். யாரிடம் கொடுத்தாலும் முதலில் பெயிண்டு கனம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மீட்டர் இல்லாதவரிடம் பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு சதுர அடி இடத்தில் முதலில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதியுங்கள். ஆழமான சில குழிகள் முழுசாகப் போகாது. எண்பது சதவீதம் மங்கினால் போதும் என்று அங்கேயே நிறுத்திவிடுவேன், என் சொந்த வண்டியானாலும் அதையேதான் செய்வேன். எட்டு மாதக் காரில் கிளியர் கோட்டைக் காப்பாற்றி வைத்தால் பத்து வருடம் உழைக்கும்.

போடக் கூடாதவை சில. டாய்லெட் கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அது குரோமையும் அலாயையும் அரிக்கும், பிரேக் டிஸ்க்கைத் துருப்பிடிக்க வைக்கும். லேபிள் இல்லாத கேனில் 'வாட்டர் ஸ்பாட் ரிமூவர்' என்று கொடுத்தால் தொடாதீர்கள். சிலவற்றில் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். சிலிக்காவைக் கரைக்கும் என்பதற்காகச் சேர்க்கிறார்கள். தோலில் பட்டால் உடனே எரியாது, மெதுவாக உள்ளே இறங்கி, உடம்பிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், வலி தெரியும்போது காலம் கடந்திருக்கும். கழுவிவிடுகிற பையன் வெறுங்கையோடு அதில் துணியை முக்குவதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். டூத் பேஸ்ட் என்பது தேய்க்கும் தூள், அது மட்டமான பாலிஷ், கீறும். டீசல் போட்டுத் துடைத்தால் இரண்டு நாள் கறை மறைந்து பளபளக்கும், எண்ணெய் காய்ந்ததும் திரும்பித் தெரியும், இடையில் ரப்பர் பீடிங் ஊதிவிடும். பித்தளை விளக்குக்குப் புளி போடுகிறோமே என்று காருக்கும் போட்டவர் ஒருவர் வந்தார். புளியில் இருப்பது நல்ல அமிலம்தான், ஆனால் அந்த நாரும் கோதும் பெயிண்டு முழுக்கக் கோடு போட்டிருந்தன.

செராமிக் பற்றி. அதை விற்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை. நல்ல செராமிக் கோட்டிங் அழுக்கு ஒட்டுவதைக் குறைக்கும், கழுவுவது சுலபமாகும், அரிப்பு நேர்ந்தாலும் முதல் அடியைக் கோட்டிங் வாங்கிக்கொள்ளும். ஆனால் 'உப்புக் கறை வராது' என்பது உண்மையில்லை. கோட்டிங் போட்ட பானட்டில் தண்ணீர் பரவாது, முத்து முத்தாய் உருண்டு நிற்கும். தாமரை இலையில் நிற்பதுபோல அழகாக இருக்கும். வண்டி ஓடினால் அந்த முத்துகள் உருண்டு ஓடிவிடும். நின்ற இடத்திலேயே காய்ந்தால் ஒவ்வொரு முத்தும் தன் உப்பு அத்தனையையும் ஒரே புள்ளியில் இறக்கிவைக்கும். கோட்டிங் போட்ட காரில் உப்பு வட்டம் இன்னும் எடுப்பாகத் தெரிவதை நானே பலமுறை எடுத்திருக்கிறேன். கறை இருக்கும்போதே மேலே கோட்டிங் போட்டால் அதை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். உங்கள் நிலைமையில், இந்தத் தண்ணீரும் இந்தக் கழுவும் முறையும் மாறாத வரை, 28,000 ரூபாயை அதில் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வேக்ஸ் மாதிரி கையால் போடும் சாதாரண சீலன்ட் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

வராமல் தடுப்பது தண்ணீர் காய்வதற்கு இடம் கொடுக்காததில் இருக்கிறது. கழுவும் தண்ணீர் போர் தண்ணீராகவே இருக்கட்டும், பரவாயில்லை. கடைசியாகக் காரின் மேல் நிற்கும் தண்ணீர் நல்லதாக இருக்க வேண்டும். அதற்கு உங்கள் வீட்டிலேயே சரக்கு இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது, அதில் சுண்ணாம்பு கிடையாது. சென்னைப் புழுக்கத்தில் ஒன்றரை டன் ஏசி ஓர் இரவில் அரை வாளிக்குக் குறையாமல் கொடுக்கும். நான் அளந்த வரை அதன் டி.டி.எஸ். 50-ஐத் தாண்டியதில்லை. குழாயின் கீழே மூடியுள்ள வாளி ஒன்றை வைத்துப் பிடியுங்கள், மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். போர் தண்ணீரில் கழுவி முடித்ததும் மேலிருந்து கீழாக இந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் பழைய தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வழியும். மொட்டை மாடியில் சேரும் மழைத் தண்ணீரும் இதற்கு அருமையானது, முதல் மழையின் அழுக்கை மட்டும் விட்டுவிட வேண்டும். ஆனால் தூசி படிந்த காரின் மேல் நேராக விழுந்து காயும் தூறல் வேறு. மழையில் சுண்ணாம்பு இல்லாவிட்டாலும் தூசியில் இருப்பதைக் கரைத்துப் புள்ளியாக்கிவிடும். தூறல் நனைத்த காரை வெயில் வருமுன் ஒரு தரம் அலசித் துடைத்துவிடுங்கள்.

துடைக்க இரண்டு துணி வேண்டும். பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் ஒன்று தண்ணீரை உறிஞ்ச, காய்ந்த இன்னொன்று மிச்ச ஈரத்தை எடுக்க. பனியன் வேஸ்ட் என்று விற்கும் கழிவுத் துணி இதற்கு ஆகாது, அது தண்ணீரைத் தள்ளுமே ஒழிய உறிஞ்சாது, தையல் முடிச்சு கீறும். கண்ணாடி மடிப்பு, கதவுக் கைப்பிடி, பெட்ரோல் மூடி, நம்பர் பிளேட் இடுக்கு இவற்றில் தேங்கிய தண்ணீர் வண்டி கிளம்பியபின் வழிந்து கோடாகக் காயும். கதவுகளையும் டிக்கியையும் ஒரு தரம் திறந்து மூடி, வழிந்ததையும் துடைக்கச் சொல்லுங்கள். முன்கண்ணாடியில் ஏறிய கறைக்கு மேலே சொன்ன வினிகர் முறையே போதும். அதற்கும் போகாததற்கு சீரியம் ஆக்சைடு தூள் கண்ணாடிக்கு மட்டும் போடலாம், பெயிண்டில் படவிடாதீர்கள். உங்கள் கார் பளபளப்பான பெயிண்டு என்று வைத்துத்தான் இவ்வளவும் சொன்னேன். மேட் பெயிண்டு என்றால் பாலிஷும் கிளேயும் அறவே கூடாது.

கடைசியாக வாட்ச்மேன். அவர்மேல் கோபப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கெட்டில் பத்துக் காரைத் துடைத்து, ஏழரைக்குள் கேட்டுக்குத் திரும்ப வேண்டிய மனிதர் அவர். உங்கள் காரைத் தினமும் ஈரத்தில் துடைக்கச் சொல்லி நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். அது தேவையே இல்லை. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, தினமும் வேணாம், வாரத்துல ரெண்டு நாள் போதும், சாயங்காலமா கழுவிடுங்க, காசு அதேதான்." இரண்டு நல்ல துணியும் அரை வாளி ஏசி தண்ணீரும் அவர் கையில் கொடுங்கள். முதல் தடவை பக்கத்தில் நின்று, நீங்களே பாதி பானட்டைத் துடைத்துக் காட்டுங்கள், மீதி பாதியை அவர் துடைக்கட்டும். நாளைக் காலை சோப்புப் பாட்டில் சோதனையைச் செய்துவிட்டு, சாயங்காலம் பிளாஸ்டிக் கவர் வழியாக விரலுக்குத் தெரிந்ததையும் எழுதி, டார்ச் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவையும் போடுங்கள், பாலிஷ் வேண்டுமா வேண்டாமா என்று இரண்டையும் வைத்துச் சொல்கிறேன்.